ஃபெடரலா, கலிபோர்னியாவா? பழைய ஜீப்பின் அடியில் படுத்துப் பார்க்கும் பாடம்



பழைய ஜீப்புக்கு அமெரிக்காவிலிருந்து சாமான் வரவழைக்க முயன்றவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். வண்டி செரோக்கி என்று போட்டாச்சு. வருடம் 2000 என்று போட்டாச்சு. இஞ்சின் 4.0 லிட்டர், ஆறு சிலிண்டர். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது திரையில் இன்னொரு கேள்வி வந்து நிற்கும்: "ஃபெடரல் எமிஷனா, கலிபோர்னியா எமிஷனா?" நாம் இருப்பதோ கிள்ளானிலோ ஈப்போவிலோ. இதில் எதை அழுத்துவது?

பலர் விலை குறைந்ததை அழுத்திவிடுகிறார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு கனமான பெட்டி வீட்டுக்கு வரும். உள்ளே இருக்கும் குழாய் நம் வண்டிக்குப் பொருந்தாது. திருப்பி அனுப்பக் கூலி கேட்டால், சாமான் விலையே பரவாயில்லை என்று தோன்றும்.

நம் சனிக்கிழமைப் பட்டறை வகுப்புக்கு வரும் ஒரு தம்பி, பக்கத்து வீட்டு ஐயா ஒருவரிடமிருந்து 2000ஆம் ஆண்டு செரோக்கி ஒன்றை வாங்கினான். இரண்டு வருடம் பகுதிநேர வேலை செய்து சேர்த்த காசு. செக் இஞ்சின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பெயர் மாற்ற அவன் புஸ்பாகோமில் பி5 சோதனைக்குப் போக வேண்டியிருந்தது, அங்கே புகையையும் பார்ப்பார்கள். ஒரு பட்டறையில் காட்டினான். "கன்வெர்ட்டர் போச்சு. வெட்டி எடுத்துட்டு நேர்க் குழாய் போட்டுக்கோ, வண்டி பறக்கும்" என்றார்களாம். என்னிடம் வந்து, "அண்ணே, வெட்டிடலாமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன்.

முதலில், ஏன் இரண்டு வகை? 1940களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் கண் எரியும் ஒரு புகைமூட்டம் வர ஆரம்பித்தது. நம்ம ஹேஸ் வேற, அது வேற. நமக்கு வருவது பெரும்பாலும் காடும் கரிநிலமும் எரிந்து வரும் புகை. அவர்களுக்கு வந்தது வெயிலில் 'வெந்த' புகை. ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் அறிஞர், கார் எக்ஸோஸிலிருந்து வரும் வாயுக்களும் எரியாத பெட்ரோல் ஆவியும் சூரிய ஒளியில் சேர்ந்து ஓசோனாக மாறுவதை 1950களின் தொடக்கத்தில் விளக்கினார். 1967இல் கலிபோர்னியா தனக்கென்று ஒரு காற்று வள வாரியத்தை அமைத்தது. அதன் முதல் தலைவரும் அவர்தான். நாட்டுக்கெல்லாம் ஒரே சட்டம் வந்த பிறகும், கலிபோர்னியா மட்டும் அதைவிடக் கடுமையான விதி வைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்கச் சட்டம் இடம் கொடுத்தது. 1977க்குப் பிறகு மற்ற மாநிலங்கள் விரும்பினால் கலிபோர்னியா விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மூன்றாவது விதி ஒன்றைத் தானாக உருவாக்க முடியாது. அதனால் கார் கம்பெனிகள் ஒரே வண்டியை இரண்டு விதமாகச் செய்தன. பொதுவான விதிக்குச் செய்தது ஃபெடரல். கடுமையான விதிக்குச் செய்தது கலிபோர்னியா. இரண்டுக்கும் பொருந்தும்படி செய்ததை 'ஐம்பது மாநில' வண்டி என்பார்கள்.

ஆகவே திரையில் வரும் கேள்வி நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைப் பற்றியது அல்ல. வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது அடியில் என்ன மாட்டி அனுப்பினார்கள் என்பதைத்தான் அது கேட்கிறது. நம் ஊரில் ஓடும் பழைய ஜீப்புகள் பல வழியாக, பல கை மாறி வந்தவை. பேப்பரைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. படுத்துத்தான் பார்க்கணும்.

அடியில் என்ன இருக்கிறது

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்பது எக்ஸோஸ் குழாயின் நடுவில் இருக்கும் வீங்கிய பெட்டி. உள்ளே தேன்கூடு போல ஒரு பீங்கான் கட்டி. அதன் மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் மெல்லிசாகப் பூசியிருக்கும். கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் அதைத் தொட்டுப் போகும்போது கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் மாறும். நைட்ரஜன் ஆக்சைடு சாதாரண நைட்ரஜனாகப் பிரியும். ஆனால் இரண்டு நிபந்தனை உண்டு. காற்று 14.7 பங்குக்குப் பெட்ரோல் 1 பங்கு என்ற கணக்கு அதிகம் தவறக்கூடாது. கட்டியும் சூடாக இருக்க வேண்டும். ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வராமல் அது வேலையையே தொடங்காது.

இந்தச் சூடுதான் இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசத்தின் வேர். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடத்தில்தான் அதிக அழுக்குப் புகை வெளியேறுகிறது. பெரிய கன்வெர்ட்டர் தரைக்கு அடியில், இஞ்சினிலிருந்து தள்ளி இருக்கிறது. அது சூடாவதற்குள் தம்பி வீட்டுச் சந்தையே தாண்டிவிடுவான். அதனால் 2000ஆம் ஆண்டு செரோக்கியின் கலிபோர்னியா வகையில், பெரிய கன்வெர்ட்டரோடு கூட, இஞ்சினுக்கு மிக அருகில் இரண்டு மினி கன்வெர்ட்டர் வைத்தார்கள். முன்னால் இருக்கும் மூன்று சிலிண்டருக்கு ஒன்று, பின்னால் இருக்கும் மூன்றுக்கு ஒன்று. இஞ்சின் சூட்டிலேயே அவை சீக்கிரம் பற்றிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஓர் ஆக்ஸிஜன் சென்சார். மொத்தம் நான்கு. ஃபெடரல் வகையில் மினி கன்வெர்ட்டர் கிடையாது, சென்சாரும் இரண்டுதான். பெரிய கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

உங்கள் வண்டி இன்னும் பழையது என்றால் கதை சுலபம். 4.0 இஞ்சின் செரோக்கியில் வந்தது 1987இல். 1990 வரைக்குமான வண்டிகளில் இஜிஆர் வால்வு உண்டு. எக்ஸோஸ் வாயுவில் கொஞ்சத்தைத் திரும்ப இஞ்சினுக்குள் விட்டு, எரியும் சூட்டைக் குறைக்கும் சாமான் அது. 1991இல் புதிய இஞ்சின் அமைப்பு வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே 1995 மாடலில் இஜிஆர் வால்வைக் காணோம் என்று யாராவது பயமுறுத்தினால் கவலைப்பட வேண்டாம், அது அங்கே இருந்ததே இல்லை. 1991 முதல் 1995 வரை ஒரே ஓர் ஆக்ஸிஜன் சென்சார்தான். 1996இல் அமெரிக்காவில் ஓபிடி இரண்டு கட்டாயமானதும் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இரண்டாவது சென்சார் வந்தது. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 1990 வரை உள்ள வண்டிகளின் சென்சார் டைட்டானியா வகை. பிறகு வந்தவை போலத் தானாக மின்னழுத்தம் உண்டாக்காது, மின்தடையைத்தான் மாற்றிக் காட்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் கம்ப்யூட்டர் தலைசுற்றிப் போகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது

பானெட்டைத் திறந்ததும் ஒரு ஸ்டிக்கரைத் தேடுங்கள். புகைக் கட்டுப்பாட்டு விவர ஒட்டு. இஞ்சின் அளவு, ஸ்பார்க் பிளக் இடைவெளி, வாக்கும் குழாய்கள் போகும் படம் எல்லாம் அதில் இருக்கும். எந்த விதிக்கு ஒத்துச் செய்தது என்ற வரியும் அதிலேயே இருக்கும். கலிபோர்னியா பெயர் இருந்தால் ஒரு துப்புக் கிடைத்தது. ஆனால் 25 வருட வெயிலிலும் இஞ்சின் சூட்டிலும் அந்த ஒட்டு மிஞ்சியிருப்பது அதிர்ஷ்டம். பானெட்டையே வேறு வண்டியிலிருந்து எடுத்து மாட்டியிருந்தால், ஒட்டு சொல்வது அந்த வண்டியின் கதையாகவும் இருக்கலாம்.

வின் எண்ணைப் பார்த்தால் தெரியாதா என்று வகுப்பில் ஒரு தங்கச்சி கேட்டாள். நல்ல கேள்விதான். பத்தாவது எழுத்து மாடல் வருடத்தைச் சொல்லும், எட்டாவது எழுத்து இஞ்சினைச் சொல்லும். எமிஷன் வகையை மட்டும் அது சொல்லாது. அந்த வின் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்புத் தாளை வாங்க முடிந்தால் அதில் அந்த வரி இருக்கும்.

எனக்குப் பிடித்த வழி எண்ணிப் பார்ப்பதுதான். வண்டி நன்றாக ஆறிய பிறகு, சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து அடியில் போங்கள். 4.0 இஞ்சினில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் எக்ஸோஸ் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், வண்டியின் இடப்பக்கத்தில் இருக்கும். அதாவது நம் ஊர் வண்டியில் ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கம். மேலிருந்து பார்த்தால் ஒன்று மற்றொன்றை மறைக்கும். கீழிருந்து டார்ச்லைட் அடித்துப் பாருங்கள். இறங்கி வரும் இரண்டு குழாய்களிலும் சின்னச் சின்ன வீக்கம் தெரிகிறதா? சென்சாரிலிருந்து வரும் வயர்கள் எத்தனை? நான்கு சென்சார் என்றால் கலிபோர்னியா வகை. இரண்டு என்றால் ஃபெடரல் வகைக்கான சாமான். மேனிஃபோல்ட் இரண்டு துண்டாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. முன்பு வைத்திருந்தவர் மினி கன்வெர்ட்டரை வெட்டிவிட்டு, சென்சார் வயரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தால்? அப்போது கம்ப்யூட்டரையே கேட்க வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டி, நேரடித் தகவலைத் திறந்து பாருங்கள். 'பேங்க் 2' என்ற பெயரில் சென்சார்கள் தெரிந்தால் அந்தக் கம்ப்யூட்டர் நான்கு சென்சாரை எதிர்பார்க்கிறது என்று அர்த்தம். வரிசையாக ஆறு சிலிண்டர் உள்ள இஞ்சினில் பேங்க் 2 என்பதே விநோதம்தான். முன் மூன்றையும் பின் மூன்றையும் பிரித்ததால் வந்த பெயர் அது. பி0135, பி0141 என்று மட்டும் வந்தால் பேங்க் 1இன் ஹீட்டர் கோளாறு. பி0155 அல்லது பி0161 வந்தால் அது பேங்க் 2. இரண்டு சென்சார் வண்டியில் அந்த எண்கள் வர வழியே இல்லை.

தம்பியின் வண்டியில் ஒட்டு கிழிந்து போயிருந்தது. படுத்துப் பார்த்தோம். நான்கு வயர், இரண்டு வீக்கம். ஸ்கேனரில் பி0155, கூடவே பி0420. அதாவது பேங்க் 2இன் முன் சென்சாரில் ஹீட்டர் போச்சு, பேங்க் 1இன் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் சந்தேகப்படுகிறது.

'சந்தேகப்படுகிறது' என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். பி0420 வந்ததும் கன்வெர்ட்டரைத் தூக்கிப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். இந்த இஞ்சினில் எக்ஸோஸ் மேனிஃபோல்ட் வெடிப்பு சகஜம். வெடிப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்தால், பெட்ரோல் போதவில்லை என்று முன் சென்சார் தவறாகச் சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக ஊற்றும். அந்தப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து பீங்கானை உருக்கும். வெடிப்பை அடைக்காமல் புது கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் ஒரு வருடத்தில் போகும். குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் சத்தம் குறைந்தால் வெடிப்பைத் தேடுங்கள். தம்பியின் வண்டியில் மேனிஃபோல்ட் சந்திப்பில் கேஸ்கெட்தான் விட்டிருந்தது. கறுப்புக் கரிக்கோடு ஒன்று அதைக் காட்டிக் கொடுத்தது.

பிறகு கன்வெர்ட்டரைச் சோதித்தோம். ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால், உள்ளே கட்டி உடைந்திருந்தால் கலகலவென்று சத்தம் வரும். அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வாக்கும் கேஜ் போதும். ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தால் அது நிலையாக நிற்க வேண்டும், மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எக்ஸோஸ் மூச்சுத் திணறுகிறது. கெந்திங் மேட்டில் ஏறாமல் முக்கும் வண்டிகள் பலவற்றின் நோய் இதுதான். மினி கன்வெர்ட்டர் உடைந்தால் அதன் துண்டுகள் கீழே போய்ப் பெரிய கன்வெர்ட்டரையும் அடைக்கும். இந்தச் சோதனைகளைத் திறந்த இடத்தில் செய்யுங்கள். கராஜ் கதவை மூடிக்கொண்டு இஞ்சினை ஓடவிடுவது உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

தம்பியின் கன்வெர்ட்டர்களில் கலகலப்பும் இல்லை, அடைப்பும் இல்லை. கேஸ்கெட் மாற்றி, பேங்க் 2இன் முன் சென்சாரைப் புதிதாகப் போட்டு, கோடை அழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டச் சொன்னேன். சென்சார் வாங்கும்போது எந்த இடத்துச் சென்சார் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும், வயர் நீளமும் பிளக்கும் இடத்துக்கு இடம் மாறலாம். பி0420 திரும்ப வரவில்லை. ஓடும்போது முன் சென்சார்கள் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கின, பின் சென்சார்கள் அதிகம் ஆடவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். பின் சென்சாரும் முன்னது போலவே குதித்தால் நடுவில் இருக்கும் கன்வெர்ட்டர் செத்துப் போச்சு என்று பொருள்.

அப்படிச் செத்திருந்தால்? நான்கு சென்சார் வண்டிக்கு மினி கன்வெர்ட்டரோடு வரும் முன்குழாயைத்தான் வாங்க வேண்டும். விலை அதிகம். ஃபெடரல் குழாயைப் போட்டு ஒப்பேற்றலாமே என்று கேட்பீர்கள். குழாயை எப்படியோ பொருத்திவிடலாம், கம்ப்யூட்டரை ஏமாற்ற முடியாது. நடுவில் கன்வெர்ட்டர் இல்லையென்றால் பின் சென்சார் முன்னதைப் போலவே ஆடும், விளக்கு எரியும். கம்ப்யூட்டரையும் ஃபெடரல் வகையாக மாற்றுவதாக இருந்தால் வருடம், கியர்பாக்ஸ், சாவி இம்மொபிலைசர் எல்லாம் ஒத்துப் போக வேண்டும். ஹாஃப்கட் கடையில் 'ஜீப் கம்ப்யூட்டர்' என்று கையில் கொடுப்பதை நம்பி வாங்காதீர்கள். சென்சாருக்கு அடியில் ஒரு துண்டு இரும்பை வைத்துத் தள்ளி நிறுத்தும் 'ஸ்பேசர்' தந்திரமும் உண்டு. அது விளக்கை அணைக்கும், புகையை அணைக்காது.

வெட்டும் யோசனைக்கு வருகிறேன். வெட்டச் சொல்பவர்கள் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுவார்கள்: வெட்டி எடுத்த பழைய கன்வெர்ட்டர் எங்கே போகிறது? உள்ளே இருக்கும் பிளாட்டினத்துக்காகப் பழைய இரும்புக்காரர்கள் அதை நல்ல விலைக்கு எடுக்கிறார்கள். "கூலி வேண்டாம், சும்மா வெட்டித் தரேன்" என்று ஒருவர் சொன்னால், கூலி எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். வண்டி பறக்கும் என்பதும் அடைத்துப்போன கன்வெர்ட்டரோடு ஒப்பிட்டால்தான் உண்மை. நல்ல கன்வெர்ட்டர் இருக்கும் வண்டியில் வித்தியாசம் பெரும்பாலும் சத்தத்தில்தான். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பதும் யார்? வண்டியை ரிவர்ஸில் வாசலில் நிறுத்தி இஞ்சினைச் சூடாக்கும்போது, பின்னால் ஐந்தடியில் சமையலறை ஜன்னல். தம்பியின் அம்மாவுக்கு ஆஸ்துமா. அதைச் சொன்னதும் அவன் வெட்டும் பேச்சை விட்டுவிட்டான்.

செரோக்கி இல்லாதவர்களும் இந்தப் பாடத்தைத் தள்ளிவிட வேண்டாம். ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த பழைய வண்டிகளில், பானெட்டுக்குள் ஓர் உலோகத் தகட்டில் மாடல் எண் இருக்கும். பழைய சிஆர்-வி ஒன்றில் 'இ-ஆர்டி1' என்றும் இன்னொன்றில் 'ஜிஎஃப்-ஆர்டி1' என்றும் பார்க்கலாம். கோட்டுக்கு முன்னால் இருக்கும் எழுத்துதான் அந்த வண்டி எந்தப் புகை விதியின் கீழ் பதிவானது என்பதன் குறி. எக்ஸோஸ் சாமானோ சென்சாரோ வாங்கப் போகும்போது 'ஆர்டி1' என்று மட்டும் சொல்லாமல், தகட்டை முழுசாகப் போன் கேமராவில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம். அங்கே பத்து வயதைத் தாண்டிய காருக்கு வருடா வருடம் சோதனை உண்டு.

சோதனைக்குப் போகும் நாளில் செய்ய வேண்டியது ஒன்று. இஞ்சின் ஆயில் பழசாக இருந்தால் முந்தின வாரமே மாற்றுங்கள். அன்றைக்கு வீட்டிலிருந்து நேராகப் போய் வரிசையில் நின்று இஞ்சினை அணைத்துவிடாதீர்கள். இருபது நிமிடமாவது நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டுப் போங்கள், கன்வெர்ட்டர் சூடாக இருக்கும்போதே குழாயில் கருவியை வைக்கட்டும். தம்பி காலை ஏழு மணிக்கே கிளம்பி, ஃபெடரல் ஹைவேயில் ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் உள்ளே நுழைந்தான். பி5 தாள் அன்றைக்கே கையில் கிடைத்தது.